பாறசாலை எல்லையும் டவர்களின் கடிகாரமும்

பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் சாலையில், கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குவதைப் பெயர்ப் பலகைகளும் சோதனைச் சாவடியும்தான் சொல்கின்றன. வாழைத் தோட்டமும் தென்னந்தோப்பும் வீடுகளும் இருபுறமும் ஒட்டியே கிடக்கின்றன. கடலோரத்தில் பொழியூரும் நீரோடியும் இப்படித்தான். மலைப்பக்கம் பனச்சமூடும் இப்படித்தான். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. தொலைத்தொடர்புத் துறையும் அதே எல்லையைத் தன் எல்லையாக எடுத்துக்கொண்டது. பாறசாலைக்கு எஸ்.டி.டி. எண் 0471, நடந்தே போய்விடக்கூடிய களியக்காவிளைக்கு 04651. மொபைல் வந்தபோதும் உரிமம் வட்டம் வட்டமாகத்தான் கொடுக்கப்பட்டது: இப்பக்கம் லட்சத்தீவையும் சேர்த்துக் கேரள வட்டம், அப்பக்கம் தமிழ்நாட்டு வட்டம். ஒரே நிறுவனம் இரு பக்கமும் சேவை தந்தாலும் உரிமப் பகுதி இரண்டு, ஏலத்தில் அலைவரிசைக் கணக்கு இரண்டு, தர அறிக்கை இரண்டு.

வானொலி அலைக்கு இந்த எல்லை தெரியாது என்பதை இவ்வூர் மக்கள் தங்கள் பணத்தைக் கொடுத்தே கற்றுக்கொண்டார்கள். சொந்த வீட்டு வாசலில் நிற்கும்போதே போன் அடுத்த மாநிலத்து டவரைப் பிடித்துக்கொள்ள, பேச்சு ரோமிங் கணக்கில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். நாடு முழுவதும் உள்வரும் அழைப்புக்கு ரோமிங் கட்டணத்தை நீக்கியது. மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்தன. அதோடு எல்லைப் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீர்ந்தது கட்டணம் மட்டும்தான். இரு பக்கத்து டவர்களும் ஒன்றையொன்று கெடுக்காமல் இயங்க வேண்டுமானால் அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். அதற்கும் முன்னதாக, ஒவ்வொரு கருவியும் தன் கடிகாரம் எங்கிருந்து வந்தது, இப்போது எவ்வளவு நம்பத்தக்கது என்று பக்கத்துக் கருவிக்குச் சொல்ல வேண்டும். கடிகாரம் நல்லதாக இருப்பதைவிட, அதன் நிலையை ஒளிக்காமல் அறிவிப்பதே வலைப்பின்னலைக் காப்பாற்றுகிறது என்பதும், அந்த அறிவிப்பு உரிம வட்டத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

தொலைபேசிக்குக் கடிகாரம் எதற்கு என்பதிலிருந்தே தொடங்கலாம். டிஜிட்டல் தொலைபேசியில் குரல் விநாடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்கப்படுகிறது. 2.048 மெகாபிட் வேகமுள்ள இ-1 இணைப்பில் 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு சட்டகம் போகிறது. அனுப்பும் நிலையத்தின் கடிகாரம் பெறும் நிலையத்தின் கடிகாரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடினால் எண்கள் தேங்கித் தேங்கி ஒரு கட்டத்தில் முழுச் சட்டகமே கீழே விழும். மெதுவாக ஓடினால் ஒரு சட்டகம் இரண்டு முறை வாசிக்கப்படும். இதைத் துறையில் ஸ்லிப் என்பார்கள். பேச்சில் அது ஒரு ‘டிக்’ ஓசை, அவ்வளவுதான். ஃபேக்ஸில் பக்கமே கெட்டுப்போகும், மோடத்தில் தரவு கெடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.811 தரநிலை முதன்மைக் கடிகாரத்துக்கு விதித்த பிழை வரம்பு பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. அப்படி இரண்டு கடிகாரங்கள் எதிரெதிர் திசையில் விலகினால்கூட 125 மைக்ரோ விநாடி சேர்வதற்கு 72 நாட்கள் ஆகும். இரு நாடுகளோ இரு நிறுவனங்களோ தத்தம் சொந்தக் கடிகாரத்தோடு, ஒருவரையொருவர் கேட்காமலே பேசிக்கொள்ளலாம் என்ற பழைய ஏற்பாட்டின் அடிப்படை இந்தக் கணக்கு. அது சரியான ஏற்பாடாகத்தான் இருந்தது, குரலுக்கு.

ஆனால் ஒவ்வோர் ஊர் எக்ஸ்சேஞ்சிலும் சீசியம் அணுக்கடிகாரம் வைக்க முடியாது. 1980-களில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கி, 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக நிறுவிய 128 போர்ட் கிராம எக்ஸ்சேஞ்சைப் போன்ற சிறு நிலையங்கள் மேலிருந்து வரும் இணைப்பிலிருந்தே தங்கள் கதியை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே மரம்போல ஓர் அமைப்பு: உச்சியில் தேசியக் குறிப்புக் கடிகாரம், அதன்கீழ் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் பெரிய டாக்ஸ் நிலையங்கள், பிறகு சிறிய டாக்ஸ், கடைசியில் உள்ளூர் எக்ஸ்சேஞ்ச். நேரத்தை ஓரிடத்தில் காத்து மற்ற இடங்களுக்குக் கம்பி வழியே அனுப்பும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வகத்தின் நேரம் தந்தி வழியே பரவி ரயில்வேயின் நேரமானது; 1906-இல் இந்திய நேரம் வந்தபோது அதற்கும் சென்னை நேரத்துக்கும் சுமார் 9 நிமிட வித்தியாசம் இருந்தது. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரௌன் 1855-இல் அகத்தியமலை உச்சியில் ஒரு காந்தவியல் ஆய்வகம் கட்டினார். மலையிலும் நகரத்திலும் ஒரே வேளையில் எடுத்த அளவுகளை ஒப்பிடும் வேலை அது. இரண்டு இடத்துக் கடிகாரங்களின் பிழையும் தெரிந்திருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளுண்டு. நேரத்தோடு அதன் பிழையையும் எழுதிவைக்கும் ஒழுக்கத்தை வானியலார் அன்றே பழகியிருந்தார்கள். தொலைத்தொடர்புக்கு அது வெகு தாமதமாகத்தான் வந்தது.

வந்தபோது நான்கு பிட்டுகளாக வந்தது. எஸ்.டி.எச். எனப்படும் ஃபைபர் முறையில், ஒவ்வொரு சட்டகத்தின் தலைப்பிலும் எஸ்-1 என்ற பைட்டின் கடைசி நான்கு பிட்டுகள் கடிகாரத்தின் தரத்தைச் சொல்லும். 0010 என்றால் முதன்மைக் கடிகாரத்திலிருந்து வருகிறது; 0100, 1000 என்றால் இடைநிலைக் கடிகாரம்; 1011 என்றால் அந்தக் கருவியின் சொந்தப் படிகம் மட்டுமே; 1111 என்றால் ‘என்னிடமிருந்து நேரம் எடுக்காதே’. இதற்கு ஒத்திசைவு நிலைச் செய்தி என்று பெயர், ஜி.781 தரநிலை அதன் விதிகளைச் சொல்கிறது. இந்த நான்கு பிட்டுகள் என்ன செய்கின்றன என்பதை நம் எல்லையிலேயே வைத்துப் பார்ப்போம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை என நான்கு நிலையங்கள் ஒரே ஃபைபரில் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்திலிருந்து வரும் நல்ல கடிகாரம் நெய்யாற்றின்கரையில் நுழைந்து களியக்காவிளை வரை போகிறது. குழித்துறைக்கு நாகர்கோவில் பக்கமிருந்து இன்னொரு நல்ல கடிகாரம். இப்போது பாலராமபுரத்தில் சாலை வேலைக்குத் தோண்டிய ஜே.சி.பி. ஃபைபரை அறுத்துவிடுகிறது.

தர அறிவிப்பு இல்லாவிட்டால் நடப்பது இது: நெய்யாற்றின்கரைக் கருவி தன் மேலிணைப்பை இழந்து, கையில் இருக்கும் மற்றோர் இணைப்பான பாறசாலையிலிருந்து நேரம் எடுக்கும். பாறசாலையோ நெய்யாற்றின்கரையிடமிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்னொருவர் மாறி மாறித் திருத்திக்கொள்வதுபோல, இரண்டும் சேர்ந்து எங்கோ விலகிப் போகும். அபாய மணி எதுவும் அடிக்காது, ஏனென்றால் இரண்டுக்கும் சிக்னல் வந்துகொண்டே இருக்கிறது. தர அறிவிப்பு இருந்தால் கதை வேறு. பாறசாலை, தான் எந்தப் பக்கமிருந்து நேரம் எடுக்கிறதோ அந்தப் பக்கம் எப்போதும் 1111 என்றே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே நெய்யாற்றின்கரை அதை எடுக்காது. தன் படிகத்தில் தனித்து ஓடி, 1011 என்று கீழே அறிவிக்கும். அந்தச் செய்தி பாறசாலை வழியாகக் களியக்காவிளையை எட்டும். அங்கே குழித்துறைப் பக்கமிருந்து 0010 காத்திருக்கிறது. களியக்காவிளை அதற்கு மாறி, மேற்கே 0010 என்று அனுப்பும்; பாறசாலை மாறும், நெய்யாற்றின்கரை மாறும். யாரும் தொடாமலே மரம் சில விநாடிகளில் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, மீட்பு எங்கிருந்து வந்தது என்பதே. கேரளத்து நிலையத்தைக் காப்பாற்றியது தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிகாரம். அந்த நான்கு பிட்டுகள் வட்ட எல்லையைக் கடக்க அனுமதி இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

எஸ்.டி.எச். போய் ஈத்தர்நெட் வந்தபோது இந்த ஒழுக்கம் கொஞ்சகாலம் காணாமல் போனது. சாதாரண ஈத்தர்நெட் போர்ட்டுக்கு அடுத்த போர்ட்டின் கதியைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்த ஒத்திசைவு ஈத்தர்நெட்டில், ஜி.8264 தரநிலைப்படி, விநாடிக்கு ஒருமுறை தரச் செய்தி போகிறது. ஐந்து விநாடி செய்தி வராவிட்டால் அந்த இணைப்பின் கடிகாரம் செத்ததாகக் கொள்ளப்படும். மௌனத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாத இந்த விதி எனக்கு மிகவும் பிடித்த விதி. ஆனால் இது கதியை மட்டும் தரும், இப்போது மணி என்ன என்று தராது. அதற்கு ஐ.இ.இ.இ. 1588 நெறிமுறை 2002-இல் வந்து, 2008-இலும் 2019-இலும் திருத்தப்பட்டது. அதில் நேரத்தை அனுப்பும் செய்தி வேறு, கடிகாரத்தின் தகுதியை அறிவிக்கும் செய்தி வேறு. தொலைத்தொடர்புக்கான ஜி.8275.1 ஏற்பாட்டில் அறிவிப்பு விநாடிக்கு 8 முறை போகிறது. செயற்கைக்கோளோடு பூட்டிய கடிகாரம் தன்னை வகுப்பு 6 என்கிறது. பூட்டு விட்டுப்போய் வரம்புக்குள் தனித்து ஓடினால் வகுப்பு 7. ஒன்றுமறியாத கடிகாரம் 248. இடையில் எத்தனை கருவிகளைக் கடந்து வந்தது என்பதும் அதிலேயே இருக்கும். கேட்கும் கருவிகள் இந்த எண்களை ஒப்பிட்டுத் தங்கள் தலைமையைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றன.

மணி என்ன என்பதே தேவையாகிப்போனதற்குக் காரணம் டி.டி.டி. முறை. பழைய முறையில் டவர் பேச ஓர் அலைவரிசை, போன் பேச வேறோர் அலைவரிசை. அங்கே கதி நூறு கோடியில் 50 பங்குக்குள் சரியாக இருந்தால் போதும். டி.டி.டி.யில் இருவருக்கும் ஒரே அலைவரிசை, நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 4ஜி-யில் 2300 மெகாஹெர்ட்ஸ் அப்படி. 2022 அக்டோபர் 1-இல் தொடங்கிய 5ஜி-யின் முதுகெலும்பான 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் அப்படி. டவர் பேசும் வேளையில் எல்லா டவரும் பேச வேண்டும், கேட்கும் வேளையில் எல்லாம் வாயை மூட வேண்டும். பக்கத்து டவர்களுக்கிடையே 3 மைக்ரோ விநாடிக்குமேல் வேறுபாடு கூடாது. அதாவது ஒவ்வொன்றும் பொதுக் குறிப்பிலிருந்து ஒன்றரை மைக்ரோ விநாடிக்குள் நிற்க வேண்டும். கையில் இருக்கும் போன் அனுப்புவது பொதுவாக அதிகபட்சம் ஐந்தில் ஒரு வாட். அதுவும் ஓட்டுக்கூரைக்கும் ரப்பர் மரத்துக்கும் இடையே நைந்து வருகிறது. எதிரே உயரத்தில் தடையின்றி நிற்கும் டவர் பல பத்து வாட்டில் முழங்குகிறது. அது தவறான வேளையில் வாயைத் திறந்தால் இந்த டவரின் காதில் போனின் குரல் விழாது. கவனியுங்கள், கடிகாரம் கெட்டது ஒரு டவருக்கு. பாதிக்கப்படுவது சரியாக இயங்கும் மற்ற டவர்களின் வாடிக்கையாளர்கள். குரல் காலத்து ஸ்லிப் இரண்டு நிலையங்களுக்கிடையே நின்ற குறை. இது சுற்றுவட்டாரத்துக்கே பரவும் குறை. 72 நாள் கணக்கு இங்கே செல்லாது.

இதை எல்லைக்குக் கொண்டுவந்தால் சிக்கல் இரட்டிக்கிறது. ஏலம் வட்டவாரியாக நடப்பதால் ஒரே அலைவரிசைத் துண்டு எல்லைக்கு இப்பால் ஒரு நிறுவனத்திடமும் அப்பால் இன்னொன்றிடமும் இருக்கலாம். அடுத்தடுத்த துண்டுகளானாலும் அலை வழிந்து பக்கத்துத் துண்டைத் தொடும். பாறசாலையில் நிற்கும் டவருக்கும் களியக்காவிளையில் நிற்கும் டவருக்கும் அப்போது பொதுவாக எதுவும் இல்லை: நிறுவனம் வேறு, உரிமம் வேறு, கண்காணிக்கும் கள அலுவலகம் வேறு. காற்று மட்டும் ஒன்று. ஐரோப்பாவில் இது நாடுகளுக்கிடையே எழுந்த பிரச்சினை. அங்கே எல்லைப்புற ஒருங்கிணைப்புக்கான பரிந்துரைகள், இருபுறமும் ஒத்திசைந்த டி.டி.டி. வலைகளுக்கு எல்லையில் தாராளமான சிக்னல் அளவையும், ஒத்திசையாதவற்றுக்கு மிகக் கடுமையான அளவையும் விதிக்கின்றன. ஒத்திசைவுக்கான தேசியக் கட்டமைப்பு எப்படி அமையலாம் என்று 2019-இல் தனி அறிக்கையே வந்தது. பல நாடுகள் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் ஒன்றை, ஒரே நாட்டுக்குள் ஒரே துறையின்கீழ் இருக்கும் இரண்டு வட்டங்கள் செய்ய முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை.

முதல் மறுப்பு உடனே வரும்: இப்போதுதான் டவருக்கு டவர் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறதே, எல்லாம் ஒரே செயற்கைக்கோளைப் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று எதைச் சொல்ல வேண்டும்? வலுவான வாதம்தான். சி.டி.எம்.ஏ. காலத்திலிருந்தே டவர்கள் ஜி.பி.எஸ்.ஸை நம்பி ஓடியிருக்கின்றன. ஆனால் அந்த சிக்னல் தரைக்கு வரும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். மலிவான ஒரு ஜாமர் அதை மூழ்கடித்துவிடும். இந்த மேற்குக் கரையில் ஐப்பசி மாத இடிமின்னல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டவரில் வெட்டவெளியில் வானம் பார்த்து நிற்கும் சிறு ஆன்டெனாவும் அதன் கேபிளும் மின்னலுக்கு எளிய இரை. ஜி.பி.எஸ். போனபின் டவர் தன் படிகத்தில் ஓடும். துறையில் இதை ஹோல்டோவர் என்கிறார்கள். படிகம் நூறு கோடியில் ஒரு பங்கு விலகி ஓடினால் ஒன்றரை மைக்ரோ விநாடி வரம்பைத் தாண்ட 25 நிமிடம் போதும். பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே விலகும் ருபீடியம் கடிகாரம் இருந்தால் சுமார் 42 மணி நேரம் கிடைக்கும். வித்தியாசம் இவ்வளவு இருப்பதால்தான், எந்த டவர் எந்த நேரம் முதல் எதை நம்பி ஓடுகிறது என்பது பக்கத்து டவருக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கத்திலிருந்து ஃபைபரில் வரும் வகுப்பு 6 கடிகாரம் ஒன்று இருந்தால் 25 நிமிடக் கெடுவே எழாது.

செயற்கைக்கோளே தவறிய நாளும் உண்டு. 2016 ஜனவரி 26-இல் பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்றைச் சேவையிலிருந்து நீக்கும்போது நேர்ந்த பிழையால், பல செயற்கைக்கோள்கள் உலக நேரத்திலிருந்து சுமார் 13 மைக்ரோ விநாடி தவறான திருத்தத்தை மணிக்கணக்காக அனுப்பின. இடம் காட்டுவதில் குறையேதும் தெரியவில்லை. நேரத்தை நம்பிய தொலைத்தொடர்புக் கருவிகளில் அபாய அறிவிப்புகள் குவிந்தன. நம் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கின் வரலாறும் அதையே சொல்கிறது. முதல் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ-வில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் செயலிழந்தன. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31-இல் ஏவியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2018 ஏப்ரலில்தான் அந்த இடம் நிரம்பியது. 2023 மே 29-இல் போன என்.வி.எஸ்.-01 உள்நாட்டில் செய்த ருபீடியம் கடிகாரத்தோடு போனது. பெருமைக்குரிய முன்னேற்றம். ஆனாலும் இவ்வளவு உழைப்பில் செய்த கடிகாரமும் நிற்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தரையிலுள்ள வலையைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. கருவி தன்னைப் பற்றித் தானே சொல்லும் தகுதியை எப்படி நம்புவது? 2016-இல் ஜி.பி.எஸ்.ஸை நம்பிய கடிகாரங்கள் பல தங்களை முதல் தரம் என்றே அறிவித்துக்கொண்டிருந்தன. 2012 நவம்பர் 19-இல் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையத்தில் நேரம் பரப்பும் புகழ்பெற்ற என்.டி.பி. சர்வர்கள் ஆண்டை 2000 என்று அனுப்பின. அவற்றின் தர முத்திரையில் குறையே இல்லை, நம்பிய கணினிகள்தான் தடுமாறின. ஆக, நல்ல முத்திரை நல்ல நேரத்துக்கு உத்தரவாதமில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இதிலிருந்து பிறக்கும் முடிவு, தகவலைக் குறைப்பதில்லை, கூட்டுவது. என்.டி.பி.யை 1985-இல் வகுத்த டேவிட் மில்ஸ் பல சர்வர்களை ஒப்பிட்டுப் பொய்யரைக் கண்டுபிடிக்கும் முறையைப் பிற்பாடு அதில் சேர்த்தார். கணினி அறிஞர் லாம்போர்ட்டும் அவர் கூட்டாளிகளும் 1982-இல் நிறுவியபடி, ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் ஒரு பொய்யரைச் சமாளிக்க நான்கு பேராவது வேண்டும். அந்த நால்வரும் ஒரே மரத்தின் கிளைகளாக இருந்தால் பயனில்லை. வேரே தவறும்போது எல்லாம் சேர்ந்து தவறும். பாறசாலை டவருக்குத் தன் வட்டத்து மூன்று டவர்களைவிட, வேறு மரத்தில் தொங்கும் களியக்காவிளை டவர் ஒன்று மேலான சாட்சி. மற்ற இடங்களில் பணம் போட்டு உருவாக்க வேண்டிய இந்த வேறுபாடு, எல்லையில் இயல்பாகவே கிடக்கிறது.

ஃபைபரில் ஒளிந்திருக்கும் இன்னொரு பிழையையும் இப்படித்தான் பிடிக்க முடியும். 1588 நெறிமுறை, போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளம் என்று நம்பியே கணக்குப் போடுகிறது. கண்ணாடியில் ஒளி ஒரு மீட்டர் கடக்க சுமார் 5 நானோ விநாடி ஆகும். இரு வழிகளுக்கும் உள்ள நீள வேறுபாட்டில் பாதி பிழையாகச் சேரும். அறுந்த கேபிளை மழையில் குந்தியிருந்து ஸ்பிளைஸ் செய்யும் தொழிலாளி, அவசரத்தில் ஓர் இழையை நேராக இணைத்து, மற்றதை வேறு வழியில் 40 மீட்டர் கூடுதலாகச் சுற்றிவிட்டால் 100 நானோ விநாடி போய்விட்டது. முதன்மை நேரக் கருவி ஒன்றுக்கு அனுமதித்த மொத்தப் பிழையே 100 நானோ விநாடிதான். அதையும் சேர்த்து முழு வலைக்குமான வரம்பு 1.1 மைக்ரோ விநாடி. இணைப்பு வேலை செய்கிறது, வேகம் சரி, முத்திரையும் சரி. இரண்டு பக்கமும் தங்கள் அளவைப் பகிர்ந்து ஒப்பிட்டால் ஒழிய இந்தக் கோளாறு வெளியே வராது. கழக்கூட்டத்திலிருந்து எல்லையோரக் காரோடு வரை புறவழிச்சாலை போட்டதுபோல, நெடுஞ்சாலை வேலை ஓயாத இப்பகுதிக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை.

பாதுகாப்பும் போட்டியும் அடுத்த மறுப்பு. தன் கடிகாரம் எப்போது கெட்டது என்று எதிராளி நிறுவனத்துக்குச் சொல்வதா? அந்தத் தகவலை வைத்துத் தாக்குபவன் பலவீனமான வேளையைப் பார்த்து அடிக்க மாட்டானா? இதில் பாதி நியாயம். வாடிக்கையாளர் எண்ணிக்கை, டவரின் சுமை, உள்கட்டமைப்பின் வரைபடம் இவற்றை யாரும் பகிர வேண்டியதில்லை. பகிர வேண்டியது ஒரு வகுப்பு எண், மூலம் எது என்ற ஒரு குறிப்பு, நிலை மாறிய நேரம், இவ்வளவுதான். அதைக் கையொப்பமிட்டு அனுப்ப முடியும். 1588-இன் 2019 பதிப்பிலேயே செய்தியின் நம்பகத்தைச் சரிபார்க்க இடமிருக்கிறது. இன்னொருவருடைய கடிகாரத்தை எடுத்துக்கொள்வதும் அவருடைய நிலையைக் கேட்டறிவதும் வேறு வேறு. முதலாவதைத் தயங்கித்தான் செய்ய வேண்டும். இரண்டாவதில் தயக்கத்துக்கு இடமில்லை, ஏனென்றால் ஒரு நிறுவனம் மறைக்கும் கோளாறு மற்ற நிறுவனத்தின் சேவைக் கேடாகத்தான் வெளிப்படுகிறது.

எல்லைக் கிராமங்களில் பெரும்பாலான பேச்சு இன்னும் பழைய இரட்டை அலைவரிசை முறையில்தானே போகிறது, ஒன்றரை மைக்ரோ விநாடிக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கடிகாரம் விலகியதால் இஞ்சிவிளையில் போன் ஊமையாகிவிடாது, உண்மைதான். ‘ரேஞ்ச் ஃபுல்லா இருக்கு, நெட் மட்டும் இழுக்கல’ என்ற நிலைதான் வரும். அதற்குச் சுமை, பின்னிணைப்புக் குறை என்று வேறு காரணங்களும் இருப்பதால் கடிகாரத்தின்மேல் சந்தேகம் கடைசியாகத்தான் விழும். நிறைய சிக்னல் காட்டியும் வேலை செய்யாத வலையைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகும் மாணவரிடமும் கடைக்காரரிடமும், கோளாறு அடுத்த மாநிலத்து டவரில் என்று சொல்லக்கூட இப்போதைய ஏற்பாட்டில் யாரிடமும் ஆதாரம் இருக்காது. செலவைப் பொறுத்தவரை, தரச் செய்தி அனுப்பும் வசதி ஒத்திசைவு ஈத்தர்நெட் போர்ட்டுகளில் ஏற்கெனவே இருப்பது. புதிதாக வேண்டியது ஒப்பந்தமும் பதிவேடும்.

ஒத்திசைவால் தீராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் சில வானிலைகளில் அலைகள் வளிமண்டலத்தின் அடுக்குகளுக்கிடையே குழாயில் போவதுபோல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். சீனாவில் டி.டி.டி. வலைகள் இதனால் பெருந்தொல்லைப்பட்டு, அதைக் கையாளும் முறை சர்வதேச மொபைல் தரநிலையின் 16-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அலை 300 கிலோமீட்டர் கடக்க ஒரு மில்லி விநாடி எடுக்கும். அதற்குள் பெறும் டவர் கேட்கும் வேளைக்கு வந்திருக்கும். இரண்டு கடிகாரங்களும் மிகச் சரியாக இருந்தும் குறுக்கீடு நேரும். பொழியூர், நீரோடி போன்ற கரையூர்களில் ஒரு குறுக்கீடு கடிகாரத்தால் வந்ததா, காற்றால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டுமானால் முதலில் இருபுறத்துக் கடிகார நிலையும் பதிவில் இருக்க வேண்டும். இந்த விதிவிலக்கும் பகிர்வின் தேவையையே கூட்டுகிறது.

அரசு நேரத்தைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. 2022 ஏப்ரல் 28-இல் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, சேவை நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. இரு மாநிலக் காவல்துறையும் அழைப்புப் பதிவுகளை ஒப்பிடும்போது இது பெரிதும் உதவும். ஆனால் அது மில்லி விநாடி உலகம். டவருக்குத் தேவை அதைவிட ஆயிரம் மடங்கு நுண்மை. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத்தர விதிகள் அழைப்பு அறுந்துபோவதையும் தாமதத்தையும் பொட்டலம் தொலைவதையும் அளக்கின்றன. விளைவுகளெல்லாம் இருக்கின்றன, அவற்றுக்குக் காரணமாகக்கூடிய கடிகார நிலை அந்தப் பட்டியலில் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தரநிலைகளை அறிவிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு இப்படி விதிக்கலாம்: வட்ட எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் டி.டி.டி. பட்டையில் இயங்கும் ஒவ்வொரு டவரும் தன் கடிகார வகுப்பையும் மூலத்தையும் நிலைமாற்றத்தையும் எதிர்ப்பக்கத்து நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். வகுப்பு வரம்பைத் தாண்டியதும் அந்தப் பட்டையில் தானாகவே ஒலிபரப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். கேரள, தமிழ்நாட்டு வட்டங்களின் கள அலுவலகங்கள் அந்தப் பதிவுகளைச் சேர்ந்து பார்க்க வேண்டும். பொழியூரிலிருந்து பனச்சமூடு வரையுள்ள துண்டில் இதைத் தொடங்கலாம். இங்கே கடலும் மலையும் நெடுஞ்சாலையும் நெருக்கமான குடியிருப்பும் அருகருகே இருப்பதால், விதியின் குறைகள் சீக்கிரமே வெளியே வரும்; வாளையாற்றுக்கும் செங்கோட்டைக்கும் குமுளிக்கும் அதே விதியைத் திருத்தி எடுத்துப்போகலாம்.